எங்க ஊர்ச் செல்லு

மார்ச் முப்பத்தொன்றாம் தேதியோடு என் வேலை முடிவதாக இருந்தது. அதற்குள் நூறு கோழிகளின் ரத்தம் எனக்காகச் சாட்சி சொன்னால் இன்னொரு வருஷம் கிடைக்கும். சொல்லாவிட்டால் கோவில்பட்டி நூல் மில்லுக்கே திரும்ப வேண்டியதுதான். இரவு பத்து மணிக்கு உள்ளே போய், விடிந்த பிறகு தலையெல்லாம் பஞ்சோடு வெளியே வருவது. ஆறு வருஷம் அப்படி வந்திருக்கிறேன். சூரியனைப் பார்த்தால் தூக்கம் வருகிற வியாதி இன்னும் முழுதாகப் போகவில்லை. மில் மேஸ்திரி உச்சிமாகாளி மாதம் ஒருமுறை போன் செய்து, "ஒன் மெசினு ஒனக்காவத்தான்டே கெடக்கு" என்பார். ஆறுதல் சொல்வதாக அவருக்கு நினைப்பு.

நான் நுண்ணுயிரியல் படித்தவன். மூன்று வருஷப் படிப்பில் ஒன்றரை வருஷம். ஏன் நின்றுவிட்டாய் என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறேன். உண்மையான காரணம் சோம்பல்.

வேலை கொடுத்தவர் டாக்டர் பிரித்திகா. ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கோழி நோய்களைப் பார்க்கிறவர். எங்கள் பக்கத்து நாட்டுக்கோழிகளுக்குப் பங்குனி வெயிலில் வெள்ளைக்கழிச்சல் வரும். வந்தால் ஒரே வாரத்தில் ஊரில் சேவல் கூவாது. தடுப்பூசி இருக்கிறது. ஆனால் உடைமரத்தின் உச்சிக்கிளையில் அடைகிற கோழியைப் பிடித்து ஊசி போட யாரும் பிறக்கவில்லை. அதனால் குருணை வடிவத்தில் ஒரு தடுப்பு மருந்து. மூன்று நாள் காலையில் வெறும் வயிற்றில் கோழி தின்ன வேண்டும். இருபத்தொரு நாள் கழித்து ஊருக்கு நூறு கோழியிடம் ரத்தம் எடுத்துப் பார்த்தால் எதிர்ப்புச் சக்தி ஏறியிருக்க வேண்டும். நூறு கோழியில் எழுபதுக்கு ஏறினால் வெற்றி.

கடம்பூருக்கு அந்தப் பக்கம் இரண்டு ஊர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நொச்சிப்பட்டி வேல்ராஜுக்கு. அவன் விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்தவன், சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போடுகிறவன். கருங்கட்டான்பட்டி எனக்கு.

மாசி பிறந்ததும் ஒரு மதியம் கருங்கட்டான்பட்டிச் சத்துணவுக் கூடத்தில் கூட்டம் போட்டேன். முப்பத்திரண்டு வீட்டிலிருந்தும் பெண்கள் வந்திருந்தார்கள். வெளியே வேம்பு நிழலில் சோலைச்சாமி தன் ஆடுகளை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்தைக் காட்டினேன். எந்த நாள், எந்த நேரம், எவ்வளவு என்று சொன்னேன். அத்தோடு வாயை மூடியிருந்தால் இந்தக் கதை இல்லை.

"தம்பி, ஒரு சந்தேகம்" என்றாள் வெயிலம்மாள். சோலைச்சாமியின் மனைவி, நாற்பத்தைந்து வயதிருக்கும். ஊரிலேயே அதிகக் கோழி அவளிடம்தான், நாற்பத்திரண்டு. கோழி விஷயத்தில் அவள் சொன்னதுதான் அங்கே சட்டம். "கோழி தின்னது பூரா பொழுது சாயுததுக்குள்ள எச்சமாப் போயிருது. இந்த மருந்து மட்டும் எப்படி உள்ள தங்கும்?"

நல்ல கேள்வி. என் கெட்ட நேரம், ஒன்றரை வருஷப் படிப்பில் எனக்கு நினைவிருந்தது அதற்கான பதில் மட்டும்தான்.

குடலின் உட்சுவரில் இருக்கும் செல்கள் அடைத்த கதவு மாதிரி. கிருமியை உள்ளே விடாது. ஆனால் சில இடங்களில் சுவருக்கு அடியில் நோயெதிர்ப்பு செல்கள் கூட்டமாகக் குடியிருக்கும். அந்தக் கூட்டத்தின் தலைக்கு மேலே மட்டும் எம் செல் என்று ஒன்று உண்டு. குடலில் போகிற அந்நியப் பொருளைப் பிடித்து, தன் உடம்புக்குள் இழுத்து, அந்தப் பக்கம் காத்திருக்கும் கூட்டத்திடம் ஒப்படைப்பதுதான் அதன் வேலை. காவல்காரனே கதவைத் திறந்துவிடுகிறான் என்று அந்த வகுப்பில் கேட்டபோது எனக்கு முதல்முறையாகத் தூக்கம் கலைந்தது.

அதைத்தான் அவர்கள் பாஷையில் சொன்னேன். "அக்கா, கோழிக் குடலுக்குள்ள பூரா செல்லுதான்."

"அது தெரியும். மேல சொல்லு."

அது எப்படி இவளுக்குத் தெரியும் என்று யோசித்திருக்க வேண்டும். எனக்குப் பெருமையாக இருந்ததால் யோசிக்கவில்லை. "அதுல எம் செல்லுன்னு ஒரு வகை இருக்கு. வெளிச்சரக்கு எது வந்தாலும் அதுதான் லபக்குன்னு புடிச்சி உள்ள கொண்டு போகும். கொண்டு போயி அங்கன நிக்குத போலீஸ்கிட்ட குடுத்துரும். போலீஸு அவன் மொகத்தைப் பாத்து வச்சுக்கிடும். நாளைக்கு நெசமான நோயி வந்தா வாசல்லயே வச்சு சாத்திரும்."

"அப்பம் எம் செல்லுங்கது காட்டிக்குடுக்குத பய" என்றார் சோலைச்சாமி ஜன்னலிலிருந்து.

"ஒரு வகையில ஆமா அண்ணாச்சி."

"கயத்தாறு இங்கனருந்து கூப்பிடு தூரம் பாத்துக்கோ. காட்டிக்குடுக்கதை இந்தப் பக்கம் பெருமையாப் பேசாத. கட்டிவச்சு உரிச்சிருவானுவ."

சிரிப்பு அடங்கியதும் ரெங்கம்மாள் கையைத் தூக்கினாள். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். வெயிலம்மாளுக்கு அடுத்தபடி கோழி அவளிடம்தான் அதிகம், முப்பத்தெட்டு. அந்த நான்கு கோழி வித்தியாசத்தில் இருவரும் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. "செல்லுன்னா போனா தம்பி? எங்க வீட்டுல டவரு எடுக்காதே."

"போன் இல்லம்மா. உசுருள்ள செல்லு."

"உசுருள்ளதா? அதைச் சொல்லு மொதல்ல. செதலு!"

செல் என்பதை அவர்கள் வீட்டில் அப்படித்தான் இழுத்துச் சொல்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். "ஆமாம்மா, அதேதான்" என்றேன்.

கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. இத்தனை தலைகள் ஒரே நேரத்தில் எனக்கு ஆடியதே இல்லை. அதற்குப் பிறகு கேள்விகள் வந்து விழுந்தன.

"பொடிசா இருக்குமோ?"

"கண்ணுக்கே தெரியாதும்மா. அவ்வளவு பொடிசு."

"எங்க ஊர்ச் செல்லு நல்லா கண்ணுக்குத் தெரியும்" என்று பின்வரிசையில் ஒரு குரல் பெருமைப்பட்டது. சிரித்தேன்.

"ஒரு கோழிக்கு எவ்வளவு செல்லு வேணும்?"

"ஆயிரக்கணக்குல இருக்கும்."

"குஞ்சுக்கு?"

"குஞ்சுக்குக் கம்மி. வளர வளரக் கூடும்."

"சரியாத்தான் சொல்லுதான்" என்றாள் வெயிலம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம். பிறகு என்னிடம், கொஞ்சம் கவலையாக, "ஆனா இது கரிசலு தம்பி. இங்கன செல்லு கம்மி" என்றாள்.

தாழ்வு மனப்பான்மை என்று எடுத்துக்கொண்டேன். "அப்படியெல்லாம் இல்லக்கா. எல்லா ஊருலயும் ஒண்ணுதான். செல்லு இல்லேன்னா மருந்து வீணு. இருக்குங்கதாலதான இந்த ஊரைத் தேடி வந்துருக்கோம்."

"செல்லு இல்லேன்னா மருந்து வீணா?"

"வீணு. சுத்தமா வீணு."

இந்த ஒரு வாக்கியத்தை நான் மூன்று தடவை சொன்னேன். கடைசித் தடவை எல்லாரும் என்னோடு சேர்ந்து சொன்னார்கள்.

வீட்டுக்கு மூன்று பொட்டலம் கொடுத்தேன். விடியற்காலையில், வெறும் வயிற்றில், ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம். கோவில்பட்டியிலிருந்து முதல் பஸ் கருங்கட்டான்பட்டிக்கு வர ஏழே முக்கால் ஆகும். அதற்குள் கோழிகள் காட்டுக்குப் போய்விடும். ஆகையால் முதல் நாளும் இரண்டாம் நாளும் நான் பார்த்தது காலிப் பொட்டலங்களை மட்டும்தான்.

"சுத்தமாத் தின்னுட்டா அக்கா?"

"ஒரு பொட்டு மிச்சமில்ல. செல்லோட சேந்து உள்ள போயிட்டு."

இப்படிப் பேசுகிற ஊரை நான் பார்த்ததில்லை. டாக்டருக்குச் செய்தி அனுப்பினேன்: "மக்கள் அறிவியலை முழுமையாகப் புரிந்துகொண்டுவிட்டார்கள்." அவர் கைதட்டும் பொம்மை மூன்று அனுப்பினார்.

இரண்டாம் நாள் ஊருக்குள் ஒரு சண்டை. ரெங்கம்மாள் தெருவில் நின்று, "எங்க எடத்துல இருந்த செல்லை ராவோட ராவா எடுத்துட்டுப் போயிட்டாளே, வெளங்குவாளா!" என்று கத்திக்கொண்டிருந்தாள். "ஒம் பேரு எழுதியிருந்தாலோ?" என்று வெயிலம்மாள் வீட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. செல்போன் திருட்டு, நமக்கு எதற்கு வம்பு என்று நான் வேறு தெரு வழியாகப் போனேன்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மொபெட்டை இரவல் வாங்கிக்கொண்டு ஆறு மணிக்கே போய்ச் சேர்ந்தேன். கோழிகள் மருந்து தின்பதை ஒரு வீடியோவாவது எடுத்துவிடலாம் என்று ஆசை.

கண்மாய்க்கரையில் ஒரு செம்மண் மேடு உண்டு. அங்கிருந்து பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தலையிலும் ஒரு பழைய மண்பானை. வெயிலம்மாள் தன் வாசலுக்கு வந்து பானையை இறக்கி, ஒரு தட்டுத் தட்டிக் கொட்டினாள். காய்ந்த சாணித் தூள், கிழிந்த சாக்கு, அதன் மேல் வெள்ளை வெள்ளையாக நெளிகிற ஆயிரக்கணக்கான பூச்சிகள். உடைமரத்திலிருந்து நாற்பத்திரண்டு கோழியும் ஒரே நேரத்தில் குதித்தன. கலெக்டர் என்று அவள் பெயர் வைத்திருந்த சேவல் என் காலை மிதித்துக்கொண்டு ஓடியது.

"என்னக்கா இது?"

"செல்லு."

"மருந்து எங்க?"

"செல்லுக்குப் போட்டாச்சு."

எங்கள் ஊரில் செல் என்றால் கறையான். ரெங்கம்மாள் வீட்டுத் தெலுங்கில் அதற்குத்தான் செதலு. இது எனக்குத் தெரியாததல்ல. எங்கள் வீட்டு நிலைக்கதவையே செல் அரித்துத்தான் மாற்றினோம். குஞ்சுகள் கொழுக்க வேண்டும் என்று சாணி திணித்த பானையை ராத்திரி மண்ணில் கவிழ்த்து வைத்துச் செல் பிடித்துப் போடுவதையும் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்றரை வருஷக் கல்லூரி, ஒரு மனிதன் தாய்மொழியில் கேட்பதை நிறுத்தப் போதுமானது.

"கோழிக்குத்தானக்கா மருந்து!"

"கோழிக்குத்தான். ஆரு இல்லேன்னா? ஆனா அதை உள்ள கொண்டு போறது ஆரு?"

"செல்லு."

"செல்லு இல்லேன்னா?"

"மருந்து வீணு" என்றேன். வேறு என்ன சொல்ல.

"அப்பம் மொதல்ல செல்லுக்குத்தான மருந்து ஏறணும்? அதான் பொழுதடையப் பானைக்குள்ள மருந்தைப் போட்டு, ராத்திரி பூரா தின்ன விட்டு, விடியக்காலம் கோழிக்குப் போடுதோம். வெறும் வயித்துலதான். அதுல குத்தம் சொல்லப்படாது."

முப்பத்திரண்டு வீடும் இதையே செய்திருந்தன. செம்மண் மேட்டில் முப்பத்திரண்டு பானைக்கு இடமில்லாமல் முறை வைத்து எடுத்திருக்கிறார்கள். ரெங்கம்மாள் முறையில் வெயிலம்மாள் எடுத்ததுதான் நேற்றைய சண்டை. சோலைச்சாமி முதல் நாள் செல் கிடைக்காமல், தன் வீட்டு உத்தரத்தைத் தட்டித் தட்டி எடுத்திருக்கிறார்.

"இருவது வருசமா அரிச்சிக்கிட்டுக் கெடந்துச்சு. இப்பந்தான் அதுக்கும் ஒரு மருவாதி வந்துருக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏலே தம்பி, எம் செல்லுன்னா எங்க செல்லுன்னுதான அர்த்தம்? அதான் வெளியூர்ச் செல்லு ஒண்ணுகூடச் சேக்கல. ரெங்கம்மா தம்பி கழுகுமலையில இருந்து ஒரு பானை கொண்டாந்தான். திருப்பி அனுப்பிட்டோம்."

மீதி மருந்து என்னிடம் இல்லை. டாக்டரிடம் சொன்னால் ஊரையே ஆய்விலிருந்து நீக்கிவிடுவார். என்னையும்தான். நோட்டில் "வெறும் வயிற்றில் கொடுக்கப்பட்டது" என்ற கட்டத்தில் ஆம் என்று எழுதினேன். அது பொய்யில்லை. "எதனுடன் கொடுக்கப்பட்டது" என்ற கட்டத்தில் "உள்ளூர்த் தீவனம்" என்று எழுதினேன். அதுவும் பொய்யில்லை. இரண்டு உண்மைகளைச் சேர்த்தால் எவ்வளவு பெரிய பொய் வரும் என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன்.

அன்று மாலை உச்சிமாகாளி அண்ணாச்சிக்கு நானே போன் செய்து மெஷினை விசாரித்தேன்.

இருபத்தொன்றாம் நாள் டாக்டர் பிரித்திகாவே ரத்தம் எடுக்க வந்தார். முதல் நாளே கோழிகளைக் கூடையில் கவிழ்த்து வைக்கச் சொல்லியிருந்தேன். வெயிலம்மாளிடம் தனியாக, "அக்கா, செல்லைப் பத்தி மட்டும் டாக்டர்ட்ட பேசாதீங்க" என்றேன்.

"ஏன்? நல்ல காரியந்தான செஞ்சோம்?"

"அது பெரிய படிப்பு. அவங்களுக்குக் கோவம் வரும்."

"படிச்சவியளுக்கு நாம தெரிஞ்சு வச்சிருந்தா கோவம் வரத்தான் செய்யும்" என்று ஒத்துக்கொண்டாள்.

ஒத்துக்கொண்டது எவ்வளவு நேரம் தாங்கும்? டாக்டர் இறக்கையடி நரம்பில் ஊசி வைத்து ரத்தம் எடுத்துக்கொண்டே, சும்மா பேச்சுக்குக் கேட்டார். "மருந்து கொடுக்கிறது கஷ்டமா இருந்துச்சாம்மா?"

"கஷ்டமென்ன டாக்டரம்மா. எல்லாம் எம் செல்லு பாத்துக்கிட்டு."

டாக்டரின் ஊசி நின்றது. "எம் செல்லா?"

"எம் செல்லுதான். அதுதான மருந்தை உள்ள கொண்டு போகும்?"

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஈரம் இருந்தது. "ராஜபாண்டி! இதையெல்லாமா சொல்லிக்கொடுத்தீங்க?"

"கொஞ்சம் மேடம்."

"நான் பி.ஹெச்டி. பண்றவங்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு செமஸ்டர் ஆகுது." அவர் வெயிலம்மாள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "வேற என்னம்மா தெரியும் எம் செல்லைப் பத்தி?"

"எங்களுக்குத் தெரியாததா? குஞ்சுக்குக் கம்மியாத்தான் குடுக்கணும்…"

"குஞ்சுக்குக் கம்மியாத்தான் இருக்கும்னு சொல்ல வாராங்க" என்று நான் இடையில் விழுந்தேன்.

"மழை பேஞ்சா மேல வந்துரும்."

"அது வேற மேடம். ஊர்ப் பேச்சு."

"அவங்களைப் பேச விடுங்க" என்றார் டாக்டர்.

"செம்மண்ணுல உள்ளதுதான் ருசி" என்றாள் வெயிலம்மாள். அந்த நேரத்தில் ரெங்கம்மாளின் கூடையைக் கலெக்டர் சேவல் தட்டிவிட, உள்ளே இருந்த ஏழு பெட்டைகளும் தெருவில் ஓடின. கடவுள் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. அந்தச் சேவல் இருந்தது. நாங்கள் எல்லாரும் அரைமணி நேரம் முள்ளுக்குள் கோழி பிடித்தோம். பேச்சு அத்தோடு விட்டுப்போனது.

பத்து நாளில் முடிவு வந்தது. டாக்டர் போனில் கத்தினார். "நொச்சிப்பட்டி நூத்துக்கு முப்பத்தெட்டு. உங்க ஊரு எண்பத்தாறு! எண்பத்தாறு ராஜபாண்டி! என்ன பண்ணினீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல மேடம்." வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமான உண்மையை நான் சொன்னதில்லை.

"வியாழக்கிழமை காலையில வர்றேன். கொஞ்சம் மருந்து முன்னாடியே கொடுத்தனுப்பறேன். அந்தம்மா கோழிக்குக் கொடுக்கிறதை வேல்ராஜ் வீடியோ எடுக்கட்டும். அதே முறையில இன்னும் ஆறு ஊர்ல செய்வோம். உங்க ஆர்டர் என் பையில இருக்கு. பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்."

பார்த்துவிட்டு. அந்த ஒரு சொல்லில் என் நைட் ஷிப்ட் உட்கார்ந்திருந்தது. புதன்கிழமை வெயிலம்மாள் வீட்டுக்குப் போய், நாளைக்கு ஒரு நாள் மட்டும் மருந்தைச் சும்மா தரையில் தூவிக் காட்டச் சொன்னேன்.

"செல்லு இல்லாமயா?"

"வீடியோவுக்கு மட்டுந்தானக்கா."

"கோழியைப் பொய் சொல்லி ஏமாத்தச் சொல்லுதியா? டாக்டரம்மா மெனக்கெட்டு நம்ம செல்லைப் பாக்க வாராவ. நல்ல பானையாப் பாத்து வைக்கேன். நீ போயி ஒறங்கு. மொகமே சரியில்ல."

வியாழக்கிழமை டாக்டரை நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். வழியில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் வேல்ராஜ் தன் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு ஏதோ சொன்னான். டாக்டர் கொடுத்தனுப்பிய மருந்தை வெயிலம்மாள் முந்தைய நாள் மாலையே பானைக்குள் போட்டுவிட்டிருந்தாள். வேல்ராஜ் கேமராவைத் தூக்கினான். அவள் சேலை நுனியைச் சொருகிக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவள் மாதிரி நின்று, பானையைக் கவிழ்த்தாள்.

டாக்டர் ஓர் எட்டு முன்னால் வந்தார்.

"இது என்ன?"

"எம் செல்லு, டாக்டரம்மா."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ராஜபாண்டி. செல்னா?"

"இங்கன கறையான், மேடம்."

வேல்ராஜின் கேமரா ஆடியது. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மதிலைப் பிடித்துக்கொண்டான். டாக்டர் சிரிக்கவில்லை. அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கோழிகளைப் பார்த்தார். கோழிகள் கொலைவெறியோடு கொத்தின. கறையான், குருணை, சாணித் துணுக்கு, சாக்கு நூல் எல்லாம் போயிற்று. நான்கு நிமிஷத்தில் தரை துடைத்து வைத்த மாதிரி ஆனது.

அவர் கைப்பையிலிருந்து இன்னொரு பொட்டலத்தைப் பிரித்து, ரெங்கம்மாள் வாசலில் தரையில் தூவினார். ரெங்கம்மாளின் கோழிகள் வந்தன, இரண்டு கொத்துக் கொத்தின, கழுத்தைச் சாய்த்து அவரைப் பார்த்தன, போய்விட்டன. மிச்சக் குருணை கரிசல் வெடிப்புக்குள் ஒவ்வொன்றாக உருண்டு விழுந்தது. ஒரு காக்கை வந்து மேலே கிடந்ததைப் பார்த்துக்கொண்டது.

"நொச்சிப்பட்டியில இப்படித்தான கொடுத்தீங்க?" என்று வேல்ராஜிடம் கேட்டார்.

"ஆமா மேடம். நேரத்தோட போட்டோ இருக்கு." அவன் சிரிப்பு நின்றிருந்தது. "போட்டதுக்கு."

"தின்னதுக்கு?"

அதற்குப் போட்டோ இல்லை.

டாக்டர் எழுந்து வெயிலம்மாளிடம் பொறுமையாகச் சொன்னார். கறையான் நெளிகிறது. நெளிவதைப் பார்த்தால் கோழிக்கு வெறி. அந்த வெறியில் பக்கத்தில் கிடக்கும் குருணையையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. கறையான் மருந்தைத் தொட்டிருக்காது. கோழியின் குடலுக்குள் போன பிறகு மருந்தை இழுத்துக்கொள்வது வேறு செல், அது கோழியின் உடம்பிலேயே இருப்பது.

வெயிலம்மாள் கடைசி வரை கேட்டாள். "நீங்க சொல்லுதது சரியாத்தான் இருக்கும், டாக்டரம்மா. நீங்க படிச்சவிய. ஆனா தரையில கெடந்த மருந்தைக் கோழிக்கு உள்ள கொண்டு போனது செல்லுதான?"

டாக்டர் துடைத்து வைத்த தரையைப் பார்த்தார். "ஆமா" என்றார்.

"அதுக்கு உள்ள ஒரு செல்லு இருந்து அது அங்கிட்டுக் கொண்டு போகும்."

"ஆமா."

"அப்பம் வெளிச்செல்லு உள்செல்லுக்குக் குடுக்குது. அதைத்தான நான் மொதல்லருந்து சொல்லுதேன்."

"சண்டைன்னு வந்தா அவகிட்ட செயிக்க முடியாது டாக்டரம்மா. நானே விட்டுட்டேன்" என்றார் சோலைச்சாமி.

டாக்டர் விறுவிறுவென்று நடந்தார். ஜீப் பக்கத்தில் வந்து நின்றார். "முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"ஆமா மேடம்."

"சொல்லியிருந்தா இந்த ஊரை ஆய்விலிருந்து எடுத்திருப்பேன்."

"அதனாலதான் சொல்லல மேடம்."

"இந்த எண்பத்தாறு செல்லாது."

பின்னாலேயே வந்திருந்த வெயிலம்மாளுக்கு அது பாதிதான் கேட்டது. "ஏன் செல்லு ஆவாது? நல்லாத்தான செல்லு ஆயிருக்கு" என்றாள்.

டாக்டர் பிரித்திகா அப்போதுதான் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஜீப் கதவில் சாய்ந்து, கண்ணைத் துடைத்தார். பிறகு மறுபடி டாக்டராகிவிட்டார். "மறுபடி செய்யணும். மூணு ஊர்ல கறையானோட, மூணு ஊர்ல கறையான் இல்லாம. முறையா. எந்தப் பானையில எவ்வளவு மருந்து போட்டோம், காலையில எவ்வளவு மிச்சம், எலி தின்னுச்சா, பக்கத்து வீட்டம்மா எடுத்தாங்களா, எல்லாம் யாராவது கூடவே இருந்து பார்க்கணும்." பையிலிருந்து ஆர்டரை எடுத்தார். ஒரு வரியை அடித்துவிட்டு மேலே பேனாவால் ஏதோ எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஒரு வருஷம். சம்பளம் கொஞ்சம் கூட. நான் ஜீப் போகும்வரை நின்று கும்பிட்டேன். புழுதி அடங்கியதும் படித்தேன். "களப்பணி: காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை" என்பது அடிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே அழகான கையெழுத்தில்: "கறையான் பானை வைத்தல், கண்காணித்தல், எடுத்தல். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை."

பஸ்ஸுக்காக நிற்கும்போது உச்சிமாகாளி அண்ணாச்சி கூப்பிட்டார்.

"ஏலே ராஜபாண்டி, வாரியா, மெசினை வேற ஆளுக்குக் குடுத்துரவா?"

"குடுத்துருங்க அண்ணாச்சி. வேலை நீடிச்சிட்டு. ஒரு வருசம்."

"அடி சக்கை! வெயில்லயே வேலை பாக்கணும்னு கெடந்து துடிச்ச. நல்லாரு. என்ன ஷிப்டு?"

நான் ஆர்டரை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"ஹலோ? ஏலே? என்ன ஷிப்டுன்னு கேட்டேன்."

"செல்லு சரியாக் கேக்கல அண்ணாச்சி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.